குளத்தங்கரையில் ஒரு தும்மல்

இல்லண்ணே, கத்தாதீங்க. நீங்க எவ்வளவு கத்தினாலும் எனக்கு ஒண்ணும் கேக்காது. இந்தக் கண்ணாடி ரெண்டு அடுக்கு. உங்க வாய் அசையறது மட்டும்தான் தெரியுது. ஆனா நான் பேசறது உங்களுக்குக் கேக்கும், அந்த மேஜை ஓரத்துல இருக்கற ஸ்பீக்கர் வழியா. கேக்குதுன்னா தலையை ஆட்டுங்க. ஆங், சரி. போதும்ணே, கழுத்து சுளுக்கிக்கப் போகுது.

எங்க சவுண்டுக்காரரைத் தேடறீங்களா? சாப்பிடப் போயிருக்கார். நான்தான் விரட்டி விட்டேன். காலையிலேருந்து மனுஷன் பல்லுல பச்சைத் தண்ணி படல. பூட்டுக்காரர்தான் வந்துக்கிட்டு இருக்காரே, நீங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க, போய் ரெண்டு வாய் சாப்பிட்டு வாங்கன்னேன். போறதுக்கு முன்னாடி கதவை ரெண்டு உதை உதைச்சுப் பாத்துட்டுத்தான் போனார். கதவுக்கு ஒண்ணும் ஆகல, அவர் காலுக்குத்தான் ஏதோ ஆயிருக்கும், நொண்டிக்கிட்டே போனார்.

நீங்க ஒண்ணும் பதற வேண்டாம், நிதானமா பாருங்க. மூச்செல்லாம் முட்டாது. பதிவு நடக்கும்போது ஏசி சத்தம் மைக்குல விழும்னு நிறுத்தி வெச்சிருக்காங்க, அதான் இப்படி வேர்க்குது. எனக்கு இது பழகின இடம்ணே. ஒம்பது வருஷமா இதுக்குள்ளதான் இருக்கேன். நின்னா மைக்கு, திரும்பினா ஸ்பான்ஜு ஒட்டின சுவர், கையை நீட்டினா கதவு. எங்க வீட்டுக் குளியலறைகூட இதைவிடக் கொஞ்சம் பெரிசு. அந்த வீடும் ஒரு வீடா, மழை பெஞ்சா எங்க பாத்திரம் வெக்கறதுன்னு தெரியாது. மாத்தலாம்மான்னு அம்மாகிட்ட எத்தனையோ தடவை கேட்டுட்டேன். மாட்டேன்னுட்டாங்க. சரி, அது கிடக்கட்டும்.

என்ன கேக்கறீங்க? வாயைத் திறந்து திறந்து மூடறீங்க, பாடறேனான்னா? ஐயய்யோ. நான் பாடினா இந்தச் சுவருல இருக்கற ஸ்பான்ஜு எல்லாம் தானா உதிர்ந்துடும். நான் பொம்மைப் படத்துக்குக் குரல் குடுக்கறேன். உங்க வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா? மூணா. பலே. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வருமே, பீரோவுக்குள்ள ஏறி உக்காந்துக்கிட்டு காலத்துல பின்னாடி பின்னாடி போவானே ஒரு பையன், கூட ஒரு ஆட்டுக்குட்டி. ஆ, அதேதான். குண்டூசி. அந்தக் குண்டூசி நான்தான்.

நம்ப மாட்டீங்களா. எல்லாரும் இப்படித்தான் மேலயும் கீழயும் பாப்பாங்க. முப்பத்தஞ்சு வயசுப் பொம்பளை, பாதி நரைச்சாச்சு, இவளா அந்தப் பொடிப்பயன்னு. சரி, கேளுங்க. டேய் ஆட்டுக்குட்டி, கதவை முழுசா மூடாதடா, இருட்டா இருக்குடா, எனக்குப் பயமில்லடா, உனக்குத்தான் பயமா இருக்கும்னு சொல்றேன். பாத்தீங்களா, ஸ்க்ரூ டிரைவரைக் கீழ போட்டுட்டீங்க.

அந்த ஆட்டுக்குட்டி யாரு தெரியுமா? இப்ப சாப்பிடப் போயிருக்காரே, சவுண்டுக்காரர், அவரேதான். தனியா ஒரு ஆளைப் போட முதலாளிக்கு மனசு வரல. அவருக்கு வசனமே மே மட்டும்தான். அதையும் அஞ்சு தடவை எடுப்பார். இந்த மேயில சோகம் பத்தல, இன்னொரு தடவை எடுக்கறேன்னுவார்.

சும்மா பேச்சுக்கு இல்லண்ணே, பேசிக்கிட்டே இருந்தா எனக்கும் நேரம் போகும், நீங்களும் வேலையைப் பாத்துக்கிட்டே கேக்கலாம். ஒரு விஷயம் சொல்றேன், வெளியாளுக்கு யாருக்கும் தெரியாது. பசங்க எல்லாம் என்ன நினைக்கறாங்க, முதல்ல படத்தை வரைஞ்சுடறாங்க, அப்புறம் நாங்க அது வாய்க்குத் தகுந்த மாதிரி பேசறோம்னு. அப்படி இல்ல. முதல்ல குரல்தான். நான் இங்க நின்னு பேசிட்டுப் போயிடுவேன். அது மாடிக்குப் போகும். மாடியில இருக்கறவங்க காதுல மாட்டிக்கிட்டு, நான் எங்க வாய் திறந்தேன், எங்க மூடினேன், எங்க மூச்சு விட்டேன்னு கேட்டுக் கேட்டு வரைவாங்க. நான் எச்சில் முழுங்கினா அவனும் முழுங்குவான். அவங்க கேள்வியே கேக்க மாட்டாங்க. குடுத்ததை வரைவாங்க. அதுதான் அவங்க வேலை.

அதுல வந்த வினைதான் எல்லாம். முதல் கதை எடுத்தப்போ இந்த ரூமு புதுசு. ஸ்பான்ஜை அன்னைக்கு முந்தின நாள்தான் ஒட்டியிருந்தாங்க, எங்க பாத்தாலும் தூசி. கதை என்னன்னா, குண்டூசி பீரோவுல ஏறி, மனுஷனே இல்லாத காலத்துக்குப் போயிடறான். பல்லி கிடையாது, பறவை கிடையாது, கரையில ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாம் தண்ணிக்குள்ளதான். ஒரு பெரிய குளம். அந்தக் குளத்துலேருந்து மீனுமில்லாம பல்லியுமில்லாம, நாலு கட்டைக்கால் வெச்சுக்கிட்டு ஒண்ணு மெதுவா கரையேறப் பாக்குது. அதுதான் முதமுதல்ல தரையில கால் வெக்கப் போற உசுரு. அதுலேருந்துதான் அப்புறம் தவளை, ஓணான், குரங்கு, கடைசியில நாம. குண்டூசி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அதைப் பாக்கணும். பாத்துட்டு, அழகா இருக்குல்லன்னு ஆட்டுக்குட்டிகிட்ட சொல்லணும். சொல்லிட்டு பீரோவுல ஏறி வீட்டுக்கு வந்து, அம்மா சோறு போடுன்னு கேக்கணும். அதோட கதை முடிஞ்சுது. அடுத்த வாரம் வேற காலம், வேற ஊரு. அப்படித்தான் எழுதியிருந்தாங்க.

நான் மூச்சைப் பிடிச்சேன்ணே. பிடிச்ச மூச்சுல தூசி ஏறிடுச்சு. தும்மிட்டேன். சாதாரணத் தும்மல் இல்ல, காது ரெண்டும் அடைச்சுக்கிச்சு. சவுண்டுக்காரர் அப்ப தலையைக் குனிஞ்சு, சத்தத்தை அளக்கற மீட்டருல ஊசி ஆடறதைப் பாத்துக்கிட்டு இருந்தார். அவருக்கு ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டாம இருந்தா போதும், உள்ள என்ன பேசறோம்னே காதுல வாங்க மாட்டார். அப்படியே மாடிக்கு அனுப்பிட்டார். மாடிக்காரங்க என்ன பண்ணுவாங்க. தும்மலைக் கேட்டாங்க, தும்மலை வரைஞ்சுட்டாங்க. ரொம்ப நல்லாவே வரைஞ்சாங்க, மூக்கு விரிஞ்சு, கண்ணு சொருகி. பையன் தும்மினா பக்கத்துல இருக்கறது பயப்படணும்ல, அதையும் அவங்களே யோசிச்சு வரைஞ்சுட்டாங்க. அந்த நாலு கால் மீனு பொத்துன்னு திரும்பித் தண்ணிக்குள்ள போயிடுச்சு.

சிரிங்கண்ணே, சிரிங்க. நாங்க சிரிக்கல. முதலாளி தலையில கை வெச்சு உக்காந்துட்டார். கடைசி காட்சி ஒண்ணைத் தவிர எல்லாம் வரைஞ்சு வர்ணம் அடிச்சாச்சு, முழுசையும் திருப்பி வரைய நேரம் இல்ல, அந்த வாரமே டிவிக்குக் குடுத்தாகணும். கதை எழுதறவர்தான் ராவோட ராவா உக்காந்து கடைசி காட்சியை மாத்தினார். முதல் உசுரு கரையேறலன்னா அப்புறம் எதுவுமே நாம நினைக்கற மாதிரி நடந்திருக்காதே. அதனால குண்டூசி திரும்பி வரும்போது தெருவே வேற மாதிரி இருக்கு. முழங்கால் அளவு தண்ணி. வாத்தியார் தொட்டிக்குள்ள உக்காந்து பாடம் நடத்தறார். எல்லாருக்கும் கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கு. இவன் அடிச்சுப் பிடிச்சு வீட்டுக்கு ஓடி வந்து கதவைத் தட்டறான். அம்மா திறக்கறாங்க. இவனைப் பாத்து, யாருப்பா நீ, யார் வேணும்ங்கறாங்க.

அந்த அம்மா குரலும் நான்தான். ஒரே ஒரு வரிக்கு எதுக்கு இன்னொரு ஆளுன்னு என்னையே சொல்லச் சொல்லிட்டாங்க. முதல்ல பையன் வரி எல்லாத்தையும் மொத்தமா பேசிடுவோம். அப்புறம் தண்ணி குடிச்சுட்டு அம்மா வரி. யாருப்பா நீ, யார் வேணும்.

அந்த வரி ஊரையே ஆட்டிடுச்சு. எந்த வீட்டைப் பாத்தாலும் பிள்ளைங்க அழுதுச்சாம். முதலாளி அதைப் பாத்துட்டு, இதுதாண்டா கதைன்னுட்டார். அதோட மாட்டினான் குண்டூசி. வாரா வாரம் பின்னாடி போவான், பண்ணின தப்பைச் சரி பண்ண. ஒண்ணைச் சரி பண்ணப் போய் இன்னொண்ணைக் கெடுத்துட்டு வருவான். எல்லா வாரமும் கடைசியில அதே கதவு, அதே யாருப்பா நீ. ஒரு தடவை ஏதோ ஒரு முட்டையை நகர்த்தி வெச்சுட்டான், வந்து பாத்தா ஊர்ல எல்லாரும் முட்டைதான் போடறாங்க. அவங்க அம்மா முட்டை மேல உக்காந்துக்கிட்டு, எனக்குப் பிள்ளை இருக்குப்பா, இதோ பாருங்கறாங்க. என்ன, கையைத் தாழ்த்திக் காட்டிக் கண்ணைத் துடைச்சுக் காட்டறீங்க, உங்க கடைக்குட்டி அதுக்குத்தான் அழுதுதா? ஓ. அதுக்கப்புறமும் எல்லா வாரமும் அழுவாளா? பாவம். என்ன கேப்பா, எப்பப்பா வீட்டுக்குப் போவான்னுதானே?

எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கோவில் வாசல்ல, பஸ்ஸுல, என் தொண்டையைப் பாக்கற டாக்டர் கூட அதைத்தான் கேட்டார். தொண்டையில ஒரு கட்டி மாதிரி வந்திருக்கு, பயப்படற மாதிரி இல்லயாம், ஆனா இந்தப் பையன் குரலை விட்டுடும்மா, இல்லன்னா உன் சொந்தக் குரலும் போயிடும்னார். சொல்லிட்டு, அது சரி, அந்தப் பையன் எப்ப வீடு வந்து சேருவான்னு கேட்டார். நீங்க குரலை விடச் சொல்றீங்களா, வீடு வந்து சேரச் சொல்றீங்களான்னு கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதானேம்மான்னார்.

அவர் வாக்கு பலிச்சுடுச்சுண்ணே. இன்னிக்குத்தான் கடைசி. முதலாளி கடையைக் கட்டறார். பசங்க இப்ப வேற என்னென்னமோ பாக்கறாங்க, இதை நல்லபடியா முடிச்சுடலாம், பையன் வீட்டுக்கு வரட்டும்னுட்டார். கதை எழுதறவர் அழகா எழுதியிருக்கார். குண்டூசி திரும்ப அதே குளத்துக்கே போறான், அதே நாளுக்கு. அதே மீனு. அவனுக்குத் தும்மல் வருது. இந்தத் தடவை மூக்கை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, அடக்கி, உடம்பே நடுங்கி, அடக்கிடறான். மீனு கரையேறிடுது. எல்லாம் பழையபடி ஆயிடுது. வீட்டுக்கு ஓடி வரான். கதவைத் தட்டறான். அம்மா திறந்து, வந்துட்டியாடா, கை கால் கழுவிட்டு வா, சோறு போடறேன்ங்கறாங்க. கதவை மூடறாங்க. முற்றும்.

காலையில தும்மலை அடக்கற இடத்தைப் பேசிட்டேன். ஒரே தடவையில வந்துடுச்சு. சவுண்டுக்காரர் வாழ்க்கையில முதல் தடவையா ஊசியை விட்டுட்டு என்னைப் பாத்தார், கண்ணைத் துடைச்சுக்கிட்டே. ஆட்டுக்குட்டிக்கே கண்ணு கலங்கிடுச்சுன்னா பாத்துக்கங்க. மத்ததெல்லாம் பேசி முடிக்க மத்தியானம் தாண்டிடுச்சு, பாக்கி இருக்கறது அம்மா வரி மட்டும்தான். வந்துட்டியாடா. அதைச் சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சுது. கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டுக் கதவுகிட்ட போனேன். கைப்பிடி சும்மா சுத்துச்சு.

என்ன காட்டறீங்க? வெளிப்பக்கத் தகட்டைக் கழட்டிட்டீங்களா, அதுக்குள்ளயா. கை சுறுசுறுப்புதான் உங்களுக்கு. ஓட்டையா? அதுல என்ன இருக்கணும்? சதுரமா, விரல் நீளத்துக்கு ஒரு கம்பி இருக்கணுமா, ரெண்டு பக்கக் கைப்பிடியையும் சேத்துப் பிடிக்கறதுக்கு. அப்படியா. எனக்கு என்னண்ணே தெரியும், நான் கதவைத் திறக்கவும் மூடவும் தெரிஞ்சவ. கழண்டு கீழ விழுந்திருக்குமோ என்னமோ. இருங்க, பாக்கறேன். ம்ஹூம். இங்க ஒண்ணும் இல்லண்ணே.

அப்படிப் பாக்காதீங்க. கம்பி தானா நடந்து போகாதுன்னு எனக்கும் தெரியும்.

உங்ககிட்டயே இருக்கா வேற கம்பி? பையில எல்லாம் வெச்சிருப்பீங்க போல. வேணாம்ணே, அதைப் போடாதீங்க. இப்ப போடாதீங்க. கையை எடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், ஒரு அஞ்சு நிமிஷம் அந்தக் கதவை விட்டுட்டு இங்க வந்து, சவுண்டுக்காரர் நாற்காலியில உக்காருங்க. உக்காருங்கண்ணே. அது சுத்தும், பிடிச்சுக்கிட்டு உக்காருங்க.

உங்ககிட்ட இன்னொண்ணும் சொல்லல. உங்க முன்னாடி ஒரு பச்சை பட்டன் இருக்கு பாருங்க. அதை அமுக்கிக்கிட்டுப் பேசினா நீங்க சொல்றது எனக்குக் கேக்கும். வந்த உடனேயே சொல்லியிருக்கலாம். சொல்லல. வேணாம், இப்பவும் அமுக்காதீங்க. நீங்க ஏதாவது ஆறுதலா சொல்லிட்டீங்கன்னா எனக்குப் பேச வராது.

எங்க வீட்டுல நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா டிவி பாக்க மாட்டாங்க. ஆனா வெள்ளிக்கிழமை ஆறு மணி ஆச்சுன்னா சமையல்கட்டுக்குப் போயிடுவாங்க. கூடத்துல நல்லா சத்தமா வெச்சுட்டு, சமையல்கட்டுல சுவரைப் பாத்து நிப்பாங்க. குழாயை நிறுத்திடுவாங்க. அடுப்பை அணைச்சுடுவாங்க. படத்தைப் பாக்கவே மாட்டாங்க, காதால மட்டும்தான் கேப்பாங்க. பாத்தா அது யாரோ வரைஞ்ச பொம்மை. அதான் பாக்க மாட்டாங்க.

கடைசியில நான் அம்மா குரல்ல, யாருப்பா நீ, யார் வேணும்னு கேப்பேன்ல. அப்ப எங்க அம்மா அங்க நின்னுக்கிட்டே, சுவரைப் பாத்தபடியே பதில் சொல்வாங்க. எனக்குத் தெரியும்டா, நீ வா, அப்படின்னு. ரொம்ப மெதுவாத்தான் சொல்வாங்க. சொல்லிட்டுக் குழாயைத் திறந்துடுவாங்க. ஒம்பது வருஷமா ஒரு வெள்ளிக்கிழமை தப்பினதில்ல.

அந்தப் பையன் குரல் எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்க கேக்கல. யாருமே கேட்டதில்ல. அது என் தம்பி குரல்ணே. அப்ப பத்து வயசு அவனுக்கு. ஒரு மத்தியானம் சைக்கிளுக்குக் காத்தடிச்சுட்டு வரேன்னு போனான். சைக்கிள் மட்டும் கடை வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு, காத்தடிச்சு. அவன் வரல. தேடாத இடம் இல்ல. செத்துட்டான்னு அழவும் முடியல, இருக்கான்னு சிரிக்கவும் முடியல. அப்பா தேடித் தேடியே போய்ச் சேந்துட்டார். அதான் அம்மா வீடு மாத்த மாட்டேங்கறாங்க. வந்தா கதவு அடையாளம் தெரியணும்ல.

சின்ன வயசுல அவன் மாதிரி நான் பேசுவேன், என்னை மாதிரி அவன் பேசுவான், வெளியில நின்னு அம்மாவை ஏமாத்துவோம். அவன் போனதுக்கப்புறம் ஒரு தடவைகூட அந்தக் குரல்ல நான் பேசினதில்ல. இங்க முதல் நாள் வந்து நின்னு, பத்து வயசுப் பையன் மாதிரி ஏதாவது பேசும்மான்னாங்க. வாயைத் திறந்தேன், அவன்தான் வந்தான். நானே திரும்பிப் பாத்தேன், யாரு பேசறாங்கன்னு.

அம்மாவுக்குத் தெரியுமே அது நான்தான்னு. தெரியாமலா, வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வெச்சுக் குடுத்து, தொண்டை வலிக்குதாங்கறாங்க. தெரிஞ்சும் கேக்கறாங்க. நானும் தெரிஞ்சும் பேசறேன். ஒரு வார்த்தை இதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதில்ல. எனக்கு வெறுத்துப்போச்சுண்ணே. உண்மையைச் சொல்றேன், எனக்கு வெறுத்துப்போச்சு. கட்டிக்கறேன்னு ஒருத்தர் நாலு வருஷம் காத்துக்கிட்டு இருந்தார், ஊர் மாத்தி வேலை, கூட வான்னார். வெள்ளிக்கிழமை என்ன பண்றதுன்னு கேட்டேன். அவருக்குப் புரியல. இந்த டப்பாவுக்குள்ள நின்னு செத்த குரலோ உசுரோட இருக்கற குரலோ எனக்கே தெரியாத ஒரு குரல்ல கத்திக் கத்தி, என் குரல் எப்படி இருக்கும்கறதே எனக்கு மறந்துபோச்சு. இது முடிஞ்சுடாதான்னு நான் வேண்டாத நாள் இல்ல.

முடியப் போகுதுன்னதும் போன வாரம் வீட்டுல சொன்னேன். நல்லபடியா முடிக்கறாங்கம்மா, பையன் வீட்டுக்கு வந்துடறான், அம்மா கதவைத் திறந்து வந்துட்டியாடான்னு சொல்றாங்கன்னேன். துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்படியே நிறுத்திட்டு, நல்லதுன்னாங்க. அப்புறம் கையில இருந்த புடவையை மடிச்சு வெச்சுட்டு, அப்ப அதுக்கடுத்த வெள்ளிக்கிழமைன்னு கேட்டாங்க.

அவ்வளவுதான் கேட்டாங்க. நான் மீதித் துணியை மடிக்க ஆரம்பிச்சேன்.

செல்லுல பழசைப் போட்டுக் காட்டலாமேன்னு நினைப்பீங்க. போட்டுப் பாத்தேன். நிறுத்துன்னுட்டாங்க. பழசுல அவன் அடுத்து என்ன சொல்வான்னு அவங்களுக்குத் தெரியும். புதுசா ஒரு வார்த்தை பேசினாத்தான் அவன் இன்னும் எங்கயோ இருக்கான். அங்க அந்தப் பொம்மை அம்மா அவனை உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திட்டா, இங்க எங்க அம்மா யாரை வான்னு கூப்பிடுவாங்க?

இப்ப அந்தத் திரையைப் பாருங்க. மாதிரிக்குப் போட்ட கோட்டுப் படமா ஒரு குளம் தெரியுதா, பக்கத்துல ஒரு பையன் மூக்கைப் பொத்திக்கிட்டு? அதைத் தொடுங்க. லேசாத் தொட்டா போதும். இப்ப ஓரத்துல ஒரு சிவப்பு பட்டன் இருக்கு. அதை அமுக்கினா காலையில பேசினது மேல புதுசு ஏறிடும். சவுண்டுக்காரர் வந்து இன்னொரு தடவை போட்டுக் கேட்டார்னா நான் மாட்டிக்கிட்டேன். ஆனா அவர் கேக்க மாட்டார், அவருக்கு ஊசி ஆடினா போதும். மாடிக்கு அனுப்பிடுவார். மாடிக்காரங்க குடுத்ததை வரைவாங்க. வரைஞ்சு முடிச்சு வர்ணம் அடிச்சப்புறம்தான் முதலாளிக்குத் தெரியும். அப்புறம் அவன் எப்படி வீட்டுக்கு வருவான்? திரும்ப ஒரு கதை எழுதித்தானே ஆகணும். ஒரு மாசம் கிடைக்கலாம், ரெண்டு மாசம் கிடைக்கலாம். வேலையை விட்டே தூக்கலாம். எனக்கு வேற ஒண்ணும் தோணலண்ணே.

என்ன, கையை மடியில வெச்சுக்கிட்டீங்க? உங்க கடைக்குட்டியை நினைக்கறீங்களா? அழுவா. தெரியும். அழுதுட்டுத் தூங்கிடுவா, பக்கத்துல அவங்க அம்மா படுத்திருப்பாங்க.

அவர் செருப்புச் சத்தம் கேக்குதா பாருங்க, மாடிப்படியில. இல்லயா. நீங்க அமுக்கலன்னாலும் நான் உங்களைத் தப்பா நினைக்க மாட்டேன். கம்பி எங்கன்னு கேட்டீங்கல்ல, அந்த அம்மா வரியைச் சொல்ல மனசு வராம நான்தான் உருவிட்டேன், என் கைப்பையில இருக்கு, இதோ. உள்ளேருந்து சொருகினா கதவு திறந்துடும். நானே திறந்துக்கிட்டு வந்து, அந்த அம்மா வரியையும் சொல்லிட்டு, வீட்டுக்குப் போயிடறேன்.

அமுக்கிட்டீங்களா. விளக்கு வந்துடுச்சு. கும்பிடறேன்ணே.

ஹ்... ஹ... ஹஅஅச்சூ.

போயிடுச்சு. தண்ணிக்குள்ள போயிடுச்சு. டேய் ஆட்டுக்குட்டி, அது போயிடுச்சுடா. இப்ப நம்ம எப்படிடா வீட்டுக்குப் போறது.

போதும்ணே, நிறுத்திடுங்க. இருங்க, கம்பியைச் சொருகறேன். மணி என்ன ஆச்சு, அஞ்சரையா? அப்ப அம்மா வரியை நாளைக்குப் பேசறேன்னு சவுண்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு பஸ்ஸைப் பிடிச்சுடலாம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அம்மா கொஞ்ச நேரத்துல அடுப்பை அணைச்சுடுவாங்க. ஆறு மணிக்கு அவன் பேசுவான்.